அளவை

1

அக்கறை ஒரு நற்குணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது போதுமான குணமா என்பதுதான் என் கேள்வி. ஒரு காரியத்தில் உண்மையான ஈடுபாடு கொண்டவன் அதில் தவற மாட்டான். தவறினாலும் அது அவன் கையை மீறிய தவறாகத்தான் இருக்கும் என்று நாம் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் நம்புகிறோம். அப்பாவுக்கும் பிள்ளைக்கும், வாத்தியாருக்கும் மாணவனுக்கும், கவிஞனுக்கும் அவன் மொழிக்கும் உள்ள உறவைப் பற்றிய நம் தீர்ப்புகள் பலவும் இந்த நம்பிக்கையின் மீதுதான் நிற்கின்றன. 'பிரியத்தோடுதானே செய்தான்' என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்துவிடுகிறது. என் விஷயத்திலும் அப்படித்தான் முடிந்திருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் அதை மறு விசாரணைக்குக் கொண்டுவந்தது. ஆகவே மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்குள் போக எனக்கு வழியில்லை.

வண்டி யெஸ்டி ரோட்கிங். 250 சி.சி., ஒற்றை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், இரண்டு சைலன்சர். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டிகளை மைசூரில் 1961 முதல் செய்துவந்த ஐடியல் ஜாவா கம்பெனி 1973இல் யெஸ்டி என்ற பெயருக்கு மாறியது. ரோட்கிங் 1978இல் வந்தது. வேகமும் வேண்டும், நெடுந்தூரமும் போக வேண்டும் என்று கேட்டவனுக்கு அன்றைய நம் ரோடுகளில் கிடைத்த மிகச் சில வண்டிகளில் அது ஒன்று. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிந்ததும் அதே வருஷம்தான். எங்கள் பக்கத்துக்கு ஒரு மாவட்டத் தலைநகர் கிடைத்த வருஷத்தில் என் வண்டிக்குத் தாய்வீடு இல்லாமல் போயிற்று.

தாய்வீடு இல்லாத வண்டியை வைத்திருப்பவன், தானே கம்பெனியாகவும் இருக்க வேண்டியவனாகிறான். நான் வீரபாண்டியில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணைக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தால், முல்லைப் பெரியாற்றில் குளிக்கப் போனவர்கள் திரும்பி வரும் நேரத்துக்குள் வலது பக்க மூடியைக் கழற்றி சி.பி. பாயின்டைப் பார்த்து முடித்திருப்பேன். பாயின்ட் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.4 மில்லிமீட்டருக்கு வைப்பேன். பிளக் துவாரத்தில் ஒரு கம்பியை விட்டு பிஸ்டனின் மேல்முனையைக் கண்டுபிடித்து, அதற்குச் சில மில்லிமீட்டர் முன்னால் பாயின்ட் திறக்கிறதா என்று பார்ப்பேன். இதற்கு சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாள் போதும். பாயின்டின் வாயில் தாளை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே பிளைவீலைத் திருப்ப வேண்டும். எந்த இடத்தில் தாள் விடுபடுகிறதோ அந்த இடத்தில் பொறி பிறக்கிறது. சைலன்சரின் உள்குழாயைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கரியை எடுப்பேன். பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி ஆயிலை நானே அளந்து ஊற்றுவேன். பங்க்கில் ஊற்ற விடமாட்டேன். அக்கறை என்ற சொல்லுக்கு இதற்குமேல் ஒரு அர்த்தம் எனக்குத் தெரியாது.

2

இத்தனை அளவுகளுக்கும் பிறகு கடைசியாக ஒரு காரியம் மிச்சம் இருக்கும். அதற்கு அளவு கிடையாது. எஞ்சினைச் சூடாக்கி, கார்புரேட்டரின் ஏர் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே கேட்க வேண்டும். உள்ளே திருகத் திருகச் சத்தம் கனத்து, தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஆகும். வெளியே திருகத் திருகச் சத்தம் உயர்ந்து, மெலிந்து, ஒரு கட்டத்தில் தடுமாறும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் எஞ்சின் சமநிலைக்கு வரும். அந்த இடத்தைக் காது சொல்லும். டியூனிங் என்கிற வார்த்தையை நம் மெக்கானிக்குகள் சங்கீதத்திலிருந்து வாங்கவில்லை என்றாலும், அந்த நிமிஷத்தில் நடப்பது சுருதி சேர்ப்பதுதான். அதில் எனக்குப் பெருமை இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டிருக்கிறார்கள்.

2016 வாக்கில் இந்தச் சத்தத்தில் ஒரு மாற்றம் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியிருக்க வேண்டும் என்று அனுமானமாகத்தான் சொல்ல முடிகிறது. ஏனென்றால் அப்போது நான் அதைக் கேட்கவில்லை. ஐட்லிங் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாகப்படும். ஐட்லிங் ஸ்குரூவைக் கால் சுற்று குறைத்துவிடுவேன். அடுத்த மாசம் மறுபடியும் கூடும். மறுபடியும் கால் சுற்று. பன்னிரண்டு மாசத்தில் எத்தனை கால் சுற்று என்று கூட்டிப் பார்க்கவில்லை. ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒவ்வொரு திருத்தமும் சின்னதாக இருந்ததால், ஒவ்வொன்றும் முந்தைய மாறுதலை மறைத்தது. ஒரு நல்ல பராமரிப்பாளனின் கை, நோய்க்கு வைத்தியம் செய்யாமல் நோயின் அடையாளத்தை மட்டும் மாதாமாதம் துடைத்துக்கொண்டிருந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது. சத்தம் தெளிவாக, கூர்மையாக, கனம் குறைந்து இருந்தது. ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் துள்ளியது. புகை குறைந்திருந்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் சுபாவம் இது: கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகும்போது, கெடுவதற்கு முன்னால் அது மிக அழகாகப் பாடும். சூடு ஏறிக்கொண்டே போகும். அதனாலேயே கொஞ்ச நேரம் பலமும் ஏறும். வீழ்ச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் இடமும் நிறைவுக்குப் பக்கத்தில் இருக்கும் இடமும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். நான் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2017இல் சித்திரைத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு என் தங்கை மகன் வந்தான். அப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது. போலீஸ் வேலைக்கு எழுதியிருந்தான். விடிகாலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். "கம்பம் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன் மாமா, வண்டியக் குடுங்க" என்றான். "எடுத்துக்க மாப்ள, தங்கமா ஓடுது" என்றேன். அவன் கிக்கரை மிதித்துப் புறப்பட்டதும், தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது.

சீலையம்பட்டி தாண்டி நேர் ரோட்டில் எஞ்சின் ஜாம் ஆயிற்று. பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிடும். அந்தக் கணத்தில் கிளட்சைப் பிடித்தால் தப்பலாம். பழகிய கை தானாகப் பிடிக்கும். யெஸ்டியில் கியர் லிவரை மிதித்தாலே கிளட்ச் விடுபடும். அவனுக்கு இரண்டுக்கும் நேரமில்லை. காறை எலும்பு முறிந்தது. அந்தத் தடவை உடல் தகுதித் தேர்வுக்கு அவன் போகவில்லை. அதற்கப்புறம் எழுதவும் இல்லை. இன்றைக்கு ஒரு லோடு ஆட்டோ வைத்துச் சின்னமனூரிலிருந்து வாழைத்தார் ஏற்றுகிறான். அவனுக்கு அந்த வேலை எப்படியும் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். கிடைக்குமா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பம் அவனுக்கு இல்லாமல் போயிற்று என்பதை மட்டும் சொல்லலாம்.

3

ஆஸ்பத்திரியில் என் தங்கை கேட்டாள்: "எப்படிண்ணே ஆச்சு?"

"பழைய வண்டி தாயி. ஜாம் ஆயிருச்சு" என்றேன்.

இந்த வாக்கியத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. வண்டி பழையதுதான், ஜாம் ஆனதும் நிஜம்தான். ஆனால் 'ஆயிருச்சு' என்ற வினைக்குச் செய்தவன் கிடையாது. மழை பெய்தது, பொழுது விடிந்தது என்பதோடு சேர்ந்து நிற்கும் வினை அது. பால் திரிந்ததும் 'ஆயிருச்சு', வீடு இடிந்ததும் 'ஆயிருச்சு', ஒருவனுடைய வருஷம் போனதும் 'ஆயிருச்சு'. நம் மொழி அன்றாடம் கைமாற்றிக்கொள்ளும் இந்த வினைக்குள் எத்தனை பேர் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஆராய்ந்தால் ஒரு சமூக வரலாறே எழுதலாம் என்று தோன்றுகிறது. நானும் அன்று அதற்குள் போய் நின்றுகொண்டேன். உறவுக்காரர்கள் எல்லோரும் எனக்கு உதவினார்கள். "பழசு பழசுதான். நீங்களும் எம்புட்டுத்தான் பாப்பீங்க" என்றார்கள். அவனும், கட்டுப் போட்ட தோளோடு, "வண்டின்னா அப்படித்தான் மாமா" என்றான்.

இத்தனைக்கும் அதற்கு முதல் நாளே நான் ஹெட்டைக் கழற்றிப் பார்த்திருந்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் அலுமினியம் உருகி இழுபட்ட கோடுகள். பிளக்கின் முனை சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தது. அதில் பொடிப்பொடியாக அலுமினியத் துகள்கள். இதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். பல நாளாகக் காற்று மிகுந்து, சூடு மிகுந்து ஓடியிருக்கிறது. பிளக்கின் பீங்கானில் காப்பித்தூள் நிறம் இருந்தால் கலவை சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். இது டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவன் முதலில் படிக்கும் பாலபாடம். ஆனால் அந்தப் பிளக்கை நான் கழற்றிப் பார்த்துப் பல மாசம் ஆகியிருந்தது. சத்தம்தான் அத்தனை நன்றாக இருந்ததே.

வண்டியைத் தேனியில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். யெஸ்டி, புல்லட், ராஜ்தூத் என்று பழைய வண்டிகளோடு வாழ்ந்தவர். அவர் எஞ்சினைப் பிரித்து, வலது பக்கம் கிராங்கைச் சுற்றியிருக்கும் ஆயில் சீலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் உதடு இறுகி, வளைத்தால் உடைகிற பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையும் மூச்சு வாங்குகிற அறை. கார்புரேட்டர் வழியாக வரவேண்டிய கலவையோடு, இந்த உதட்டின் இடுக்கு வழியாக வெறும் காற்றும் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இடது பக்க சீல் போயிருந்தால் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையாகக் கக்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். வலது பக்கம் உலர்ந்த பக்கம். அது காட்டிக்கொடுக்காது, சத்தத்தை மட்டும் இனிமையாக்கும்.

"சத்தம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன். என் குரலில் ஒரு முறையீடு இருந்திருக்க வேண்டும்.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "காது பழகிரும் வாத்தியாரே. பிளக்கு பழகாது."

4

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு விளக்கவுரையாகத்தான் இதுவரை எழுதியதும் இனி எழுதப்போவதும்.

நம் மரபில் தர்க்கத்துக்கு அளவை என்று பெயர். அளக்கும் கருவிக்கும் அதே சொல்தான். ஒன்றை அறிய என்னென்ன வழிகள் உண்டு, எதை எதனால் அளக்கலாம் என்ற சர்ச்சை மணிமேகலையிலேயே இருக்கிறது. சைவ சித்தாந்திகள் அதை மூன்றாகச் சுருக்கிக்கொண்டார்கள்: காட்சி, கருதல், உரை. நேரே அறிவது காட்சி. அடையாளத்தைக் கொண்டு காணாததை அறிவது கருதல். நம்பத் தகுந்த வாக்கைக் கொண்டு அறிவது உரை. கருதலுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் உதாரணம் மலைமேல் புகை. புகை இருந்தால் நெருப்பு இருக்கிறது. என் சாக்கு விரிப்பின் மேலும் இந்த மூன்றும்தான் இருந்தன. காது, பிளக், புத்தகம்.

காதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அது பொய் சொல்வதில்லை. அதன் கோளாறு வேறு. வண்டியோடு சேர்ந்து அதுவும் நகர்கிறது. வண்டி ஒரு நூல் விலகினால் காதும் ஒரு நூல் விலகி, இரண்டுக்கும் நடுவில் எப்போதும் பொருத்தம் இருப்பதாகக் காட்டும். ஓடும் ரயிலில் பக்கத்து ரயிலைப் பார்ப்பவனின் நிலை. மனசாட்சி என்று நாம் மரியாதையாகச் சொல்வதும் இப்படிப்பட்ட ஒரு கருவிதானோ என்று எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. 'என் மனசாட்சிக்குச் சரியென்று பட்டது' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் மனசாட்சி எத்தனை கால் சுற்றுத் திருகப்பட்ட பிறகு அப்படிப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. கவிஞன் தன் வரியை நூறு தடவை முணுமுணுத்துப் பார்க்கிறான். நூறாவது தடவை அது சரியாக ஒலிக்கிறது. திருந்தியது வரியா, பழகியது காதா? இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளாதவர்களால் நம் பத்திரிகைகள் நிரம்பியிருக்கின்றன. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் புத்தகத்தை நம்பலாமா? கம்பெனியின் கையேடு எண்களைத் தருகிறது. ஆனால் எந்த எண்ணும் எல்லாக் காலத்துக்கும் எல்லா இடத்துக்கும் ஆனதில்லை. வீரபாண்டியில் சரியாக இருக்கும் கலவை, போடியிலிருந்து பதினேழு கொண்டையூசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டுக்குப் போனால் சரியாக இருக்காது. அங்கே காற்று மெலிந்துவிடுகிறது. அதே ஜெட் அதிகப் பெட்ரோலைத் தருகிறது. எஞ்சின் கனத்து இருமுகிறது. அங்கே உட்கார்ந்து திருத்திவிட்டு அப்படியே கீழே இறங்கினால், மலையில் சரியாக இருந்தது சமவெளியில் ஆபத்தாகிவிடும். காலமும் அப்படித்தான். கையேடு எழுதப்பட்டபோது இருந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுவதும் நின்றது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்து, இரண்டே வருஷத்தில் எங்கும் பரவிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. ஆகவே அதே ஜெட், அதே ஸ்குரூ, அதே சுற்று, ஆனால் கலவை மட்டும் காற்றுப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. புத்தகம் பேசிய உலகம் மாறிவிட்டது. உரையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பவனும் பிஸ்டனைப் பிடிக்கவிடலாம்.

மிஞ்சுவது பிளக். அது காதைப்போல என் உடம்பில் இல்லை. புத்தகத்தைப்போல வேறொரு காலத்தில் எழுதப்படவும் இல்லை. இன்றைய பெட்ரோலில், இந்த ரோட்டில், உள்ளே என்ன நடந்ததோ அதன் சுவடு அதன்மேல் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க ஒரு முறை உண்டு. வண்டியை முழு ஆக்ஸிலரேட்டரில் ஒரு கிலோமீட்டராவது ஓட்டி, அப்படியே சாவியை அணைத்து, கிளட்சைப் பிடித்து உருண்டு நிற்க வேண்டும். ரோட்டோரத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மெதுவாக வீட்டுக்கு ஓட்டிவந்து ஆறவைத்துப் பார்த்தால் வீட்டுக்கு வந்த ஓட்டத்தின் நிறம்தான் தெரியும். அதாவது, நல்லபடியாக நடந்துகொண்டு வந்து நின்ற பிறகு நம்மைப் பரிசோதிக்கக் கூடாது. முழு வேகத்தில், நாம் என்ன செய்கிறோம் என்று நமக்கே உறைக்காத இடத்தில் நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். கை சுடும்.

மோட்டார் சைக்கிள் பராமரிப்பை ஒரு தத்துவப் பிரச்னையாக்கியவர் ராபர்ட் பிர்சிக். 1974இல் வந்த அவருடைய 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' நம்மிடையேயும் படிக்கப்பட்ட புத்தகம். அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அவர் எஞ்சினை ஒரு பட்டறையில் விடுகிறார். அங்கே ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வண்டியைப் பாழாக்குகிறார்கள். அவர்களிடம் இல்லாமற்போனது அக்கறைதான் என்ற முடிவுக்கு வருகிறார் பிர்சிக். செய்கிறவனுக்கும் செய்பொருளுக்கும் நடுவில் பிளவு விழுந்துவிட்டது. அக்கறை அந்தப் பிளவை மூடும் என்பது அவர் தரிசனம். அதன் உயர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் என் திண்ணையில் ரேடியோ பாடவில்லை. எனக்கும் என் வண்டிக்கும் நடுவில் பிளவே இல்லை. பிளவு இல்லாததுதான் கோளாறு. அது மாறியபோது நானும் மாறினேன். அதனால் எனக்குத் தெரியவில்லை. அகந்தை ஒரு பொறி என்று பிர்சிக்கும் எச்சரிக்கிறார். என்னிடம் வேலை செய்தது அகந்தைகூட இல்லை, பிரியம். பிரியத்துக்கு எதிராக யாரும் எச்சரிப்பதில்லை. அக்கறையோடு கூடவே, அக்கறையை நம்பாத ஒரு பழக்கமும் வேண்டியிருக்கிறது. விடைத்தாளை எழுதிய பிள்ளையே திருத்தக் கூடாது என்பது பள்ளிக்கூடத்தில் நான் முப்பது வருஷம் காப்பாற்றிய விதி. அந்தப் பிள்ளை கெட்டவன் என்பதால் ஏற்பட்ட விதி அல்ல அது.

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். வீரபாண்டியன் என்ற ராஜா பார்வையை இழந்து, இங்கே ஆற்றங்கரையில் கௌமாரியை வேண்டிப் பார்வை பெற்றான் என்று. சித்திரைத் திருவிழாவில் ஆயிரங்கண் பானை எடுப்பார்கள். பானை முழுவதும் துளைகள். கண்ணை இழந்தவன் கண்ணைக் கேட்பான். இழந்தது அவனுக்குத் தெரிகிறது. தனக்குக் குறை இருப்பதே தெரியாதவன் எதைக் கேட்டு வேண்டிக்கொள்வான்?

5

2022இல் யெஸ்டி என்ற பெயர் திரும்பவும் சந்தைக்கு வந்தது. பெயர் மட்டும்தான் பழையது. ஃபோர்-ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் எஞ்சின். கார்புரேட்டர் கிடையாது, சி.பி. பாயின்ட் கிடையாது. புகைக்குழாயில் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. தான் விடும் புகையைத் தானே முகர்ந்து பார்த்து, காற்று மிகுந்தால் பெட்ரோலைக் கூட்டவும் பெட்ரோல் மிகுந்தால் குறைக்கவும் கணிப்பொறியிடம் அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஒன்று வாங்கியிருக்கிறான். அதன் பக்கத்தில் என் வண்டியை நிறுத்தியபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, வேகத்தைப் பார்த்தல்ல. தன் விளைவைத் தானே முகர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் ஒரு ஒழுக்கத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டோம். நமக்கு வைத்துக்கொள்ளவில்லை.

நான் ரோட்கிங்கை விற்கவில்லை. சிலிண்டரை போர் போட்டு, சீல் இரண்டும் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், ஸ்குரூ எத்தனை சுற்று, பிளக் என்ன நிறம். மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிப் பார்க்கிறேன். இதனால் நான் திருந்தியவன் ஆகிவிடவில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய ஒன்றை ஏழு வருஷமாக எழுதாமல் வைத்திருந்தேன். வண்டியின் கணக்கைச் சரியாக எழுத எழுத, எழுதாமல் விட்டது பெரிதாகிக்கொண்டே போயிற்று. நல்ல பழக்கங்களே ஒரு நல்ல மறைவிடமாகவும் இருக்க முடியும்.

2024 சித்திரைத் திருவிழாவின்போது அவன் வந்திருந்தான். இப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ராத்திரி, திண்ணையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது சொன்னேன். சீலைப் பற்றி, பிளக்கின் வெள்ளை நிறத்தைப் பற்றி, முதல் நாளே ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவிடம் வேறு மாதிரிச் சொன்னதைப் பற்றி. வண்டி பழசு என்பதால் நடக்கவில்லை, நான் பார்க்காததால் நடந்தது என்றேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் அன்று ஆஸ்பத்திரியில் சொன்னதுபோல ஏதாவது சொல்லி என்னை விடுவிப்பான் என்று. இரண்டில் எதை விரும்பினேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்:

"அன்னைக்கு கிக்கர மிதிச்சதுமே எனக்குத் தெரிஞ்சது மாமா. ஆறு மாசம் கழிச்சு ஓட்டுறேன்ல, சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. ஒரு மாதிரி வத்திப்போன சத்தம். ஒங்ககிட்டச் சொன்னேனே. அதெல்லாம் சரியாத்தான் இருக்குன்னீங்க. நீங்களே சொல்றீங்கன்னுட்டுப் போய்ட்டேன்."

அவன் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எத்தனை தடவை யோசித்துப் பார்த்தாலும், கிக்கர் சத்தமும் தெருமுனை திரும்பும்வரை கேட்ட எஞ்சின் சத்தமும்தான் வருகின்றன; நடுவில் அவன் குரல் இல்லை. அவன் பொய் சொல்பவன் அல்ல.

அவனுடைய காட்சி சரியாக இருந்திருக்கிறது. பழகாத காது அது. என் உரைதான் அதைத் தள்ளிவைத்தது. எனக்கு அளவையாக இருந்திருக்கக் கூடிய ஒன்று அன்று என் எதிரில், கையில் சாவியோடு, நின்றுகொண்டிருந்திருக்கிறது.

இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். என் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.